அணைய மறுக்கும் காரின் ரூஃப் லைட்... காரணம் என்ன, நீங்களே சரிசெய்வது எப்படி?

இரவு காரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், காருக்குள் மஞ்சளாக ஒரு வெளிச்சம். `தானா அணைஞ்சிடும்' என்று படுக்கப் போகிறவர்களும் உண்டு. செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் படியிறங்குபவர்களும் உண்டு. மறுநாள் காலை பிள்ளைகளை நேரத்துக்கு ஸ்கூலில் விடுவது பெரும்பாலும் இரண்டாவது ரகம்தான்.

கார் உள்விளக்கு அணையாமல் இருப்பது பார்க்கச் சின்ன விஷயம். ஆனால், அது இரண்டு பெரிய விஷயங்களுக்கான அறிகுறியாக இருக்கலாம். ஒன்று, காலைக்குள் பேட்டரி காலியாகலாம். இன்னொன்று, ஏதோ ஒரு கதவு சரியாக மூடாமல் இருக்கலாம். இரண்டாவது விஷயம் பேட்டரியைவிட ஆபத்தானது. ஏன் என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில், மெக்கானிக் ஷெட்டுக்குப் போகாமல் நாமே செய்யக்கூடிய சோதனைகள்.

பதறாதீர்கள், முதலில் ஒரு நிமிடம் காத்திருங்கள்!

இன்றைய கார்கள் பலவற்றில், கதவை மூடியதும் விளக்கு சட்டென்று அணையாது. நீங்கள் இருட்டில் தடுமாறாமல் நடந்துபோக வேண்டும் என்பதற்காக, சுமார் 10 முதல் 30 விநாடிகள்வரை எரிந்து, பிறகு மெதுவாக மங்கும். இது கோளாறு இல்லை, வசதி. பழைய காரிலிருந்து புதிய காருக்கு மாறியவர்கள் இதைப் பார்த்துதான் முதலில் பயப்படுவார்கள்.

சில கார்களில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. இன்ஜினை அணைத்த பிறகு விளக்கு தொடர்ந்து எரிந்தால், குறிப்பிட்ட நேரம் கழித்துக் காரே அதை அணைத்துவிடும். ஆனால், எல்லா மாடல்களிலும் இந்த வசதி இல்லை. உங்கள் காரில் இருக்கிறதா என்பதைக் காருடன் கொடுத்த கையேட்டில் பாருங்கள். அது தெரியாதவரை, `இல்லை' என்று நினைத்துக்கொள்வதே நல்லது.

ஒரு நிமிடம் தாண்டியும் விளக்கு எரிகிறதா? அப்படியென்றால், கவனிக்க வேண்டியதுதான்.

ஒரு சின்ன பல்பு, அவ்வளவு பெரிய பேட்டரியைத் தின்றுவிடுமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார்களில் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி சகஜம். பழைய ரக ரூஃப் பல்பு ஒன்று 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது சுமார் 0.83 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணிவரை 12 மணி நேரம் எரிந்தால் 10 ஆம்பியர் ஹவர் காலி. அதாவது, பேட்டரியில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்.

பேட்டரி புதிதாக, முழு சார்ஜில் இருந்தால் காலையில் கார் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால், மூன்று, நான்கு வருடம் ஓடிய பேட்டரியில் 35 என்று எழுதியிருந்தாலும் உள்ளே அவ்வளவு தாங்காது. மேலும், முன் விளக்கு, பின் விளக்கு, கதவு விளக்கு, டிக்கி விளக்கு என எல்லாம் சேர்ந்து 25 வாட் எரிந்தால், அதே 12 மணி நேரத்தில் 25 ஆம்பியர் ஹவர் போய்விடும். அப்புறம் சாவியைத் திருகினால் `டக்... டக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றிவிட, சில விநாடிகளுக்கு நூறு ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். பெரும்பகுதி காலியான பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாமல் போகலாம்.

எல்.இ.டி விளக்கு என்றால் நிலைமை பரவாயில்லை. ஒரு வாட் எல்.இ.டி, 12 மணி நேரத்தில் எடுப்பது ஒரு ஆம்பியர் ஹவர்தான். ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகாது. ஆனால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் காராக இருந்தால், ஆறு நாள் எரிந்து 12 ஆம்பியர் ஹவர் தீர்ந்திருக்கும்.

இன்னொரு விஷயம். கார் பேட்டரி, முழுவதும் காலியாகி மறுபடி ஏறுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒவ்வொரு முறை அடியோடு இறங்கும்போதும் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, ஆயுள் குறைகிறது. நாலைந்து முறை இப்படி ஆனால், பேட்டரிக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஓடுவதற்கான பெரிய பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும், விளக்கு, பூட்டு, கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது செத்துவிட்டால் கார் கண்ணையே திறக்காது.

கதவு மூடியது காருக்கு எப்படித் தெரிகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு கதவிலும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கதவு திறந்தால் சர்க்யூட் முழுமையாகி விளக்கு எரியும். மூடினால் துண்டிக்கப்பட்டு அணையும். வீட்டு ஃபிரிட்ஜில் நடப்பதும் இதேதான்.

பழைய கார்களில் இந்த சுவிட்ச், கதவு உட்காரும் தூணில் பட்டன்போல நீட்டிக்கொண்டிருக்கும். மேலே ரப்பர் உறை இருக்கும். கதவு மூடும்போது அதை அழுத்தும். புதிய கார்கள் பலவற்றில் இந்தப் பட்டன் வெளியே தெரியாது. கதவு லாக்குக்குள்ளேயே சின்ன சுவிட்சாகப் புதைந்திருக்கும். அது தரும் தகவல் பாடி கன்ட்ரோல் மாட்யூல் எனப்படும் சின்ன கம்ப்யூட்டருக்குப் போகும். அதுதான் விளக்கை எரிக்கவும் அணைக்கவும் செய்கிறது.

ஆக, விளக்கு அணையவில்லை என்றால், சந்தேகிக்க வேண்டியவை நான்குதான். விளக்கின் சொந்த சுவிட்ச், கதவு, கதவின் சுவிட்ச், வயரிங். இதே வரிசையில் தேடுங்கள். செலவில்லாதது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

சோதனை 1: விளக்கில் இருக்கும் சுவிட்ச்

ரூஃப் லைட்டிலேயே ஒரு சுவிட்ச் இருக்கும். பொதுவாக அதில் மூன்று நிலைகள். `ஆன்' என்றால் எப்போதும் எரியும். `ஆஃப்' என்றால் எரியவே எரியாது. நடுவில் `டோர்' என்றோ, கதவு படத்துடனோ இருப்பதுதான் கதவு திறந்தால் மட்டும் எரியும் நிலை. பின்சீட்டில் விளையாடும் குழந்தையின் கை பட்டோ, உயரமான பொருளை ஏற்றும்போது உரசியோ அது `ஆன்' நிலைக்குப் போயிருக்கலாம். நடு நிலைக்குத் தள்ளிப் பாருங்கள்.

முன்சீட்டுக்கு மேலே இருக்கும் ரீடிங் லைட்டுகளைத் தனியாக அழுத்திப் பாருங்கள். சில மாடல்களில் கண்ணாடி மூடியையே அழுத்தினால் எரியும். அதில் பட்டன் இருப்பதே பலருக்குத் தெரியாது. சன் வைஸருக்குப் பின்னால் கண்ணாடி இருந்தால், அதன் மூடியையும் மூடுங்கள். அதற்கும் சில கார்களில் விளக்கு உண்டு.

சில மாடல்களில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன சக்கரம் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும். அதைக் கடைசிவரை மேலே திருகினால் ரூஃப் லைட்டும் எரியத் தொடங்கும். அப்படி இருந்தால் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள்.

சோதனை 2: எந்தக் கதவு?

இக்னிஷனை ஆன் செய்து மீட்டரைப் பாருங்கள். கதவு திறந்திருப்பதைக் காட்டும் சிவப்புச் சின்னம் எரிகிறதா? சில கார்களில் எந்தக் கதவு என்றே படம் காட்டும். அப்படியென்றால் வேலை சுலபம்.

பொதுவான ஒரே சின்னம்தான் என்றால், ஒவ்வொரு கதவாகத் திறந்து, நன்றாக அடித்து மூடுங்கள். மூடும் முன் விளிம்பைக் கவனியுங்கள். சீட் பெல்ட்டின் உலோக நாக்கு, புடவை முந்தானை, துப்பட்டா, ஸ்கூல் பேக் வார் என எது வேண்டுமானாலும் இடையில் மாட்டியிருக்கலாம். டிக்கியையும் பானெட்டையும் மறக்காதீர்கள். பல கார்களில் டிக்கி சரியாக மூடாவிட்டாலும் உள்விளக்கு எரியும்.

அப்புறமும் அணையவில்லையா? ஒருவர் உள்ளே உட்கார்ந்து விளக்கைப் பார்க்க, இன்னொருவர் வெளியிலிருந்து ஒவ்வொரு கதவையும் உள்பக்கமாக அழுத்துங்கள். எந்தக் கதவை அழுத்தும்போது விளக்கு மினுக்குகிறதோ அல்லது அணைகிறதோ, அந்தக் கதவுதான் குற்றவாளி. அது முழுமையாக உட்காரவில்லை. சமீபத்தில் புது ரப்பர் பீடிங் மாற்றியிருந்தால், அது தடிமனாக இருந்து கதவைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். கதவு கீல் தொய்ந்திருந்தாலும் இப்படி ஆகும்.

சோதனை 3: சுவிட்சும் லாக்கும்

உங்கள் காரில் வெளியே தெரியும் பட்டன் சுவிட்ச் இருந்தால், விரலால் அழுத்துங்கள். அழுத்தும்போது விளக்கு அணைகிறதா? விட்டதும் பட்டன் வெளியே வருகிறதா? அழுத்தினால் அணைந்து, கதவை மூடினால் அணையவில்லை என்றால், ரப்பர் உறை தேய்ந்து கதவு சுவிட்சைத் தொடவில்லை என்று அர்த்தம். அழுத்தியும் அணையவில்லை என்றால், அந்த சுவிட்சுக்குள் துரு அல்லது ஷார்ட் இருக்கலாம். அல்லது கோளாறு வேறு கதவில் இருக்கலாம்.

சுவிட்சைக் கழற்ற ஒரு ஸ்குரூதான். ஆனால், ஒரு எச்சரிக்கை. அதிலிருந்து வயரை உருவினால், வயர் தூணுக்குள் நழுவி விழுந்துவிடும். மறுபடி எடுப்பது பெரும் பாடு. உருவும் முன் வயரை ஒரு துணி கிளிப்பால் கவ்விக்கொள்ளுங்கள். வயரை உருவியதும் விளக்கு அணைந்தால், அந்த சுவிட்சை மாற்றினால் போதும். சின்னச் செலவுதான்.

சுவிட்ச் லாக்குக்குள் இருக்கும் கார்களில் வேறு வழி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவின் விளிம்பில் இருக்கும் கொக்கிபோன்ற லாக்கைப் பாருங்கள். ஒரு ஸ்குரூடிரைவரால் அதை, கதவு மூடியது போல இரண்டு `க்ளிக்' வரும்வரை தள்ளுங்கள். இப்போது கார், கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் விளக்கு அணைந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. கதவு உட்காருவதில்தான் பிரச்னை. அணையாவிட்டால், அந்த சுவிட்சைச் சந்தேகிக்கலாம்.

முக்கியமான விஷயம்: சோதனை முடிந்ததும், வெளிக் கைப்பிடியை இழுத்து லாக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கதவை மூட வேண்டும். மறந்துபோய் அப்படியே அடித்து மூடினால் லாக் உடைந்துவிடும்.

தூசியும் காய்ந்துபோன பழைய கிரீஸும் சேர்ந்துதான் பல லாக்குகளைக் கெடுக்கின்றன. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் கூட்டு சேரும். எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை லாக்குக்குள் அடித்து, கதவைப் பத்து, இருபது முறை திறந்து மூடுங்கள். ஊறிய அழுக்கு வெளியே வரும். துணியால் துடைத்துவிட்டு, கொஞ்சம் புது கிரீஸ் வைத்தால் பல நேரங்களில் அத்தோடு பிரச்னை தீர்ந்துவிடும். தீராவிட்டால் லாக்கையே மாற்ற வேண்டும். கதவு பேடைக் கழற்ற வேண்டிய வேலை என்பதால், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சோதனை 4: மூடினால் தெரியாத விளக்குகள்

வெளியே எல்லாம் இருட்டு. ஆனாலும் வாரம் ஒருமுறை பேட்டரி டவுன். இப்படிப்பட்ட கார்களில் டிக்கி விளக்கையும் கிளவ் பாக்ஸ் விளக்கையும் சந்தேகிக்கலாம். மூடிய பிறகு அவை எரிகின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

உங்கள் கையில் இருக்கும் மொபைல் போதும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, வீடியோ ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, போனை டிக்கிக்குள் வையுங்கள். ஒரு நிமிடம் மூடி வைத்துத் திறந்து, வீடியோவைப் பாருங்கள். மூடியதும் படம் கறுப்பானால் சரி. வெளிச்சம் தெரிந்தால், கோளாறு இருக்கும் இடம் கையும் களவுமாக மாட்டிவிட்டது. கிளவ் பாக்ஸுக்கும் இதே உத்திதான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், கார் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சோதனை 5: வயரிங், தண்ணீர், எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்

கதவுக்கும் பாடிக்கும் இடையே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். அதற்குள் போகும் வயர்கள் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மடங்குகின்றன. வருடக் கணக்கில் மடங்கியதில் மேலுறை கிழிந்து ஒன்றோடொன்று உரசலாம். கதவைப் பாதி திறந்த நிலையில் அந்தக் குழாயை மெதுவாக அசைத்துப் பாருங்கள். மீட்டரில் கதவுச் சின்னம் வந்து வந்து போனால், சந்தேகம் அங்கேதான்.

மழைக்காலத்தில் மட்டும் இந்தத் தொல்லை வருகிறதா? தண்ணீர் எங்கோ இறங்குகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மாட்டிய கார் உடனே ஓடிவிட்டாலும், கனெக்டர்களில் பச்சைப் பாசம் பிடித்து, மாதங்கள் கழித்துக்கூட இப்படிப்பட்ட கோளாறுகள் தலைகாட்டலாம். பழைய கார் வாங்கும்போது விளக்கு தானாக எரிந்து அணைந்தால், `சின்ன விஷயம் சார்' என்று சொல்வதை நம்பிவிடாமல் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈர வாடையும் துருவும் பொய் சொல்லாது.

வெளியில் பொருத்திய ரிமோட் லாக், கலர் விளக்குகள், எல்.இ.டி பல்பு ஆகியவையும் காரணமாகலாம். எல்.இ.டி மாற்றிய பிறகு விளக்கு முழுதாக அணையாமல் மங்கலாக மினுங்கினால், சர்க்யூட்டில் கசியும் மிகச் சிறிய மின்சாரமே அதற்குக் காரணம். பழைய பல்பை அந்தக் கசிவால் எரியவைக்க முடியாது, எல்.இ.டி-யை முடியும். பழைய பல்பைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்று, பல மணி நேரம் எரிந்த பல்பை உடனே தொடாதீர்கள், சுட்டுவிடும்.

காரணம் தெரியவில்லை, இன்று இரவை எப்படி ஓட்டுவது?

விளக்கின் சுவிட்சை `ஆஃப்' நிலையில் வையுங்கள். டிக்கி விளக்கு என்றால் பல்பைக் கழற்றிவிடுங்கள். எதுவும் முடியாவிட்டால், உள்விளக்குக்கான ஃப்யூஸை உருவிவிடலாம். எது என்பது கையேட்டிலும், ஃப்யூஸ் பாக்ஸ் மூடியிலும் இருக்கும். ஆடியோ, சென்ட்ரல் லாக் போன்றவையும் அதே ஃப்யூஸில் இருக்கக்கூடும் என்பதால், அவையும் வேலை செய்யாமல் போகலாம். திரும்பப் போடும்போது அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட வேண்டும். பெரிய ஃப்யூஸோ, கம்பித் துண்டோ போட்டால் வயர் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

இவை தற்காலிக ஏற்பாடு மட்டுமே. விளக்கை அணைத்துவிட்டாலும், காரைப் பொறுத்தவரை கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதனால் ரிமோட்டில் பூட்டாமல் போகலாம், அலாரம் வேலை செய்யாமல் போகலாம். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் தூங்காமல் விழித்திருந்து பேட்டரியை மெல்ல மெல்ல உறிஞ்சவும் செய்யலாம்.

பேட்டரி காலியாகிவிட்டதா?

முதல் தலைவலி, ரிமோட் வேலை செய்யாது. கவலை வேண்டாம். ஸ்மார்ட் கீ பலவற்றுக்குள்ளும் ஒரு சாதாரணச் சாவி ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் இருக்கும் சின்ன பட்டனைத் தள்ளி உருவினால் வரும். டிரைவர் கதவின் சாவித் துவாரம் சில கார்களில் மூடிக்குள் மறைந்திருக்கும். இன்றே ஒருமுறை எடுத்துப் பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

அடுத்தது ஜம்ப் ஸ்டார்ட். இரண்டு காரும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும், இரண்டும் அணைந்திருக்க வேண்டும். வரிசை மிக முக்கியம்:

1. சிவப்பு கேபிளின் ஒரு முனையைக் காலியான பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள்.
2. மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள்.
3. கறுப்பு கேபிளின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டுங்கள்.
4. கறுப்பின் மறுமுனையைக் காலியான பேட்டரியில் மாட்டாதீர்கள். அந்தக் காரின் இன்ஜினில், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள்.

கடைசி இணைப்பில் தீப்பொறி வரலாம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிய வாய்ப்பிருப்பதால்தான் தள்ளி மாட்டச் சொல்கிறார்கள். நல்ல காரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பிறகு உங்கள் காரை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, ஆசிட் கசிந்தாலோ தொடவே தொடாதீர்கள். ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களுக்குக் கையேட்டில் சொன்னபடி மட்டும் செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய நினைக்க வேண்டாம்.

தனியாக, இரவில், பழக்கமில்லாமல் இதைச் செய்வதைவிட ரோடு சைடு அசிஸ்டன்ஸை அழைப்பது மேல். உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்து, நம்பரை போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதற்காகப் பால் வாங்கிவிட்டு வந்து நிறுத்திவிடாதீர்கள். அடியோடு இறங்கிய பேட்டரி, கொஞ்ச தூரம் ஓட்டினால் நிரம்பிவிடாது. பேட்டரிக் கடையில் கொடுத்து மெதுவாக சார்ஜ் ஏற்றுவது நல்லது. சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வாக வைத்த பிறகு 12.6 வோல்ட் அளவில் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான்.

பேட்டரியைவிடப் பெரிய ஆபத்து

இனி, ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். கதவு லாக்கில் இரண்டு நிலைகள் உண்டு. முதல் `க்ளிக்'கில் கதவு பாதி மாட்டும். இரண்டாவதில்தான் முழுதாகப் பூட்டும். பாதி மாட்டிய கதவு வெளியிலிருந்து பார்க்க மூடியது போலவே இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த உள்விளக்கும், மீட்டரில் இருக்கும் சிவப்புச் சின்னமும்தான்.

பின்சீட்டில் சீட் பெல்ட் போடாமல், கதவில் சாய்ந்து தூங்கும் குழந்தையோ, தாத்தாவோ இருக்கும்போது அந்தக் கதவு வளைவில் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விளக்கு தொல்லை தருகிறதே என்று சுவிட்சை `ஆஃப்' செய்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள், அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே அணைத்துவிடுகிறார்கள். லாக் கெட்டு சின்னம் எப்போதும் எரிந்துகொண்டே இருந்தாலும் ஆபத்துதான். நிஜமாகவே கதவு திறந்திருக்கும் நாளில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இரவில் உள்ளே விளக்கு எரிந்தபடி ஓட்டினால், முன் கண்ணாடியில் அது பிரதிபலித்து, இருட்டில் சாலையைக் கடப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதும் உண்மை.

சரிசெய்யும்வரை, கிளம்பும் முன் பின்கதவுகளை வெளியிலிருந்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடட்டும்.

ஷெட்டுக்குப் போகும்போது இதைச் சொல்லுங்கள்

`லைட் எரியுது' என்று மட்டும் சொன்னால், தேடும் நேரத்துக்கும் சேர்த்து நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். எந்தக் கதவில் சந்தேகம், எப்போதுமா அல்லது மழையில் மட்டுமா, கார் கழுவிய பிறகு வந்ததா, சமீபத்தில் என்ன ஃபிட்டிங் செய்தீர்கள், மீட்டரில் சின்னம் வருகிறதா என்ற ஐந்தையும் சொல்லுங்கள். முடிந்தால் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். பாடி கன்ட்ரோல் மாட்யூலையே மாற்ற வேண்டும் என்று முதலிலேயே சொன்னால், கதவு சுவிட்சுகளையும் வயரிங்கையும் சோதித்தாயிற்றா என்று கேளுங்கள். வாரன்டி இருக்கும் காரில், வெளியே வயரை வெட்டி ஒட்டும் முன் சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுவது நல்லது.

காரைப் பூட்டியதும் நாலு அடி நடந்து, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோம் இல்லையா, அதுபோலத்தான் இதுவும்.